தொற்று இல்லாத நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள்

எலும்பு முறிவு வார்டின் பொறுப்பு சிஸ்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் முகத்துக்கு நேரே 'சிஸ்டர்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'மோப்பம்' என்றார்கள். படியேறி வரும்போதே எந்தக் கட்டிலில் சிறுநீர்ப் பை நிரம்பியிருக்கிறது, எந்தக் காலில் கட்டு மாற்றி இரண்டு நாளாகிறது என்று அவருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். "மோப்பம் வருது, பதினாலாம் நம்பர் பையைக் காலி பண்ணுடி" என்று ஒரு குரல் முன்னால் ஓடும். சிஸ்டர் உள்ளே காலெடுத்து வைக்கும்போது வார்டு தலை வாரி, பொட்டு வைத்த பிள்ளை மாதிரி கைகட்டி நிற்கும்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். டிவி ரிமோட்டுக்கு வாரம் ஒரு முறை ஸ்பிரிட் குளியல். கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவர் வெளியே போட்ட சட்டை ஹாலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. "என் காருக்குள்ள முப்பது வருஷமா புதுசா ஓட்டக் கத்துக்கிறவங்க பக்கத்துல உக்காந்து உசிரோட இருக்கேன். இந்த வீட்டுக்குள்ளதான் பயமா இருக்கு" என்பார் வாத்தியார்.

சிஸ்டரின் பெருமையெல்லாம் அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் இருந்தது. 'குழாய்த் தொற்று இல்லாத நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே ஓர் எண். தானாக எழுந்து போக முடியாத நோயாளிகளுக்குச் சிறுநீர் வடிய உள்ளே ஒரு மெல்லிய குழாய் செருகி, கட்டிலோரம் ஒரு பையில் கொண்டுபோய் விடுவார்கள். வார்டில் அதற்கு 'ட்யூப்' என்று பெயர். அந்த ட்யூப் வழியாகக் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தால் பலகையில் எண்ணை அழித்துச் சுழியம் போட வேண்டும். மற்ற வார்டுகளின் எண்கள் பரமபத விளையாட்டுக் காய் மாதிரி நாற்பதுக்கு ஏறும், பாம்பு கடித்து ஒன்றுக்கு இறங்கும். சிஸ்டரின் பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. தினமும் காலையில் டியூட்டி மாறும்போது, கையைக் கழுவி, துடைத்து, அவரே பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் விசேஷம்.

வழக்கம் இப்படி. ட்யூப் போட்டவருக்குக் காய்ச்சல் வந்தால், ட்யூப்தான் காரணமா என்று பார்க்கச் சிறுநீரை லேபுக்கு அனுப்ப வேண்டும். லேப் பகல் ஒரு மணிக்குச் சாம்பிள் வாங்குவதை நிறுத்திவிடும். காய்ச்சலுக்கு லேப் நேரம் தெரியாது; அது பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். நோயாளி நடுங்கிக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கலாமா? உடனே ஆன்டிபயாடிக் ஊசி. மறுநாள் காலையில், இரண்டு ஊசி இறங்கிய பிறகு, பையின் அடியிலிருந்து சாம்பிள். இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து சீட்டு வரும்: 'கிருமி வளர்ச்சி இல்லை.' வளர்ச்சி இல்லையென்றால் தொற்று இல்லை. தொற்று இல்லையென்றால் பலகையில் ஒன்று கூட்ட வேண்டியதுதான். போதாக்குறைக்கு, ட்யூப் போட்ட ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, 'ஒரு பாதுகாப்புக்கு' மாத்திரை எழுதச் சொல்லி டாக்டர்களை நச்சரிப்பதும் சிஸ்டர்தான்.

லேபில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைப் பார்க்கிற அம்மாளுக்குத் 'தட்டு மேடம்' என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் படியேறி வந்து சொன்னார்.

"சிஸ்டர், நீங்க அனுப்புற சாம்பிள் எல்லாம் ஊசி வாசனையோடதான் வருது, அப்புறம் தட்டுல எங்கேர்ந்து கிருமி வளரும்? சாம்பிள எடுத்துட்டு ஊசி போடுங்க. பத்து நிமிஷ வித்தியாசம்தானே?"

"எனக்கு முதல்ல நோயாளியா, முதல்ல உங்க தட்டா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர்."

"உங்களுக்கு அது தட்டு. எனக்கு அது மனுஷன்."

தட்டு மேடம் இறங்கிப் போனார். இந்தப் பதிலைச் சிஸ்டர் பிறகு பல பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எண் அப்போது முப்பதோ என்னவோ. நடுவில் ஒரு முறை, காலைப் பொழுதிலேயே காய்ச்சல் வந்துவிட்ட ஒரு கிழவரால் அது சுழியமானது. அதற்குப் பிறகு காய்ச்சல்கள் எல்லாம் ஒழுங்காகச் சாயங்காலமே வந்தன.

பலகையில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு எழுதிய அன்று, சிஸ்டர் பினாயில் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டுப் போயிருந்த ஹாலில் வாத்தியார் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மனைவியின் வார்டிலேயே ஆறாம் நம்பர் கட்டில். ஆபரேஷனுக்காக ட்யூப் போட்டார்கள்.

இந்த ட்யூப் விஷயத்தில் சிஸ்டர் வைத்த ஒரு விதி அந்தக் கட்டடத்துக்கே பாடம். காலைச் சுற்றில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "இவருக்கு இன்னிக்கு ட்யூப் வேணுமா?" என்று உரக்கக் கேட்பார். பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே எடுத்துவிடச் சொல்வார். அது ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஒரு நாள் கூடுதல் ஆபத்து என்பது அவர் புதுப் பெண்களுக்குச் சொல்லும் முதல் வாக்கியம்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், ஆறாம் கட்டிலருகே வந்து கேள்விக்கு வாயெடுத்தார். வாத்தியார் முந்திக்கொண்டார்.

"இது இருக்கட்டும்மா. நல்ல வசதியா இருக்கு."

"வசதியா? இதென்ன ஏசியா?"

"மெதுவாப் பேசு. இது இல்லேன்னா என்னைத் தூக்கிப் பாத்திரம் வைக்க மூணு பேர் வரணும். அந்த மூணு பேர்ல ரெண்டு பேருக்கு நான்தான் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். 'கிளட்சை விடு, கிளட்சை விடு'ன்னு கத்தின வாயால 'பாத்திரம் கொண்டா'ன்னு எப்படிச் சொல்றது?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். கனத்த உடம்பு, சர்க்கரை வேறு. தூக்கும்போது தையலில் ஏதாவது ஆகிவிட்டால்? நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்து ஏழாம் கட்டிலுக்குப் போய், "இவருக்கு இன்னிக்கு ட்யூப் வேணுமா?" என்று வழக்கத்தைவிடச் சற்று உரக்கக் கேட்டார்.

நாளை வந்தது, மறுநாளும் வந்தது. பொறுப்பு சிஸ்டரின் வீட்டுக்காரர் ட்யூபைப் பற்றிப் பொறுப்பு சிஸ்டரிடமே கேட்க யாருக்கு இரண்டு தலை? ஏழாம் நாள் ஆறாம் கட்டிலைத் தாண்டும்போது மூக்கு ஏதோ சொன்னது. பக்கத்துக் கட்டிலாக இருக்கும் என்று அதன் வாயை அடைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலைக் கவனிக்கும் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினார்.

எட்டாம் நாள் சாயங்காலம் வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாம் வழக்கப்படி நடந்தது. உடனே ஊசி, மறுநாள் சாம்பிள், இரண்டு நாள் கழித்து 'வளர்ச்சி இல்லை'. ஐந்து நாள் ஊசியில் காய்ச்சல் விட்டது. பலகை நானூறைத் தாண்டிய சந்தோஷத்தில் கண்காணிப்பாளரே வந்து கை கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை தரச் சான்று கொடுக்கும் குழு வருகிறது என்றும், அவர்களை முதலில் இந்தச் சுவருக்கு முன்னால்தான் நிறுத்தப் போவதாகவும் சொன்னார். வாத்தியாரைப் பார்த்து, "வீட்டம்மா கையிலயே வைத்தியம். குடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்.

ஊசி நின்ற மூன்றாம் நாள், பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு. மாலை நாலு மணிக்கு ஆறாம் கட்டில் ஆட ஆரம்பித்தது. அப்படி ஒரு குளிர் நடுக்கம். மேலே மூன்று போர்வை போட்டும் பல் கிட்டியது. வாத்தியார் மனைவியைப் பார்த்து, "பிரேக்கப் போடு, பிரேக்கப் போடு" என்றார். அவருக்கு நினைவு காரில் இருந்தது.

அண்ணனைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அண்ணி, ஊசிதான் போட்டீங்களே. மறுபடியும் ஏன்?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நல்லாப் பாத்தீங்க. பல்லி ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம், தான் போய்க் கழுநீர்ப் பானையில விழுமாம். எங்க வீட்டுக்கு வந்தா டம்ளரத் தண்ணி ஊத்தி மூணு தடவை கழுவிட்டுத்தானே குடிப்பீங்க?"

வேறு நாளாக இருந்தால் சிஸ்டர் இதற்கு இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது கணவரின் நகக் கண்கள் நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. "போன தடவை போட்டதுக்கு மேல பெருசா ஒண்ணு ஆரம்பிச்சிடலாம் சிஸ்டர். சாம்பிள் காலையில வழக்கம்போல."

ஊசி மருந்து ட்ரேயில் வந்து நின்றது. 'வழக்கம்போல' என்ற சொல் சிஸ்டருக்குக் காதில் எறும்பு போனது மாதிரி இருந்தது. வழக்கம்போல ஊசி, வழக்கம்போல வளர்ச்சி இல்லை, வழக்கம்போல காய்ச்சல் போகும். அது மூன்றாம் முறை திரும்பி வரும்போது இந்த மனுஷன் இருப்பாரா? வழக்கத்தை விட்டால், திங்கட்கிழமை சுவருக்கு முன்னால் நிற்கிறவர்கள் என்ன எண்ணைப் படிப்பார்கள்? இந்த இரண்டாவது யோசனை அந்த நேரத்தில் தனக்கு வந்தது என்பதைச் சிஸ்டர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. வந்தது. அரை நிமிஷம் இருந்தது.

பிறகு லேபுக்குப் போன் போட்டார்.

"மேடம், லேப் மூடியாச்சா?"

"ஒரு மணிக்கே மூடியாச்சு. நான் இருக்கேன். என்ன விஷயம்?"

"ஆறாம் கட்டில்."

தட்டு மேடத்துக்கு ஆறாம் கட்டில் யார் என்று தெரியும். "ட்யூப் எத்தனை நாளா உள்ள இருக்கு?"

சிஸ்டர் ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். "பதினாறு."

தட்டு மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "சரி, பழசை உருவிடுங்க. புதுசு போட்டு, அதுல முதல்ல வர்றதப் பிடிங்க. ரத்தமும் எடுங்க. அப்புறம் ஒரு நொடி தாமதிக்காம ஊசி. பழைய ட்யூபத் தூக்கிப் போடாம கொண்டு வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும். நான் போகமாட்டேன்."

"வளருமா மேடம்?"

"வளரும் சிஸ்டர்."

எல்லாவற்றையும் சிஸ்டர் தன் கையாலேயே செய்தார். ட்யூப் மாற்றி, சாம்பிள் பிடித்து, ரத்தம் எடுத்து, ஊசி மருந்து இறங்க ஆரம்பித்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு நாளும் இந்தப் பதினோரு நிமிஷத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

லேபில் தட்டு மேடம் பழைய ட்யூபைக் கத்தியால் நீளவாக்கில் கீறித் திறந்தார். வெளியே பார்க்க நல்ல பிள்ளையாக இருந்த குழாயின் உள்சுவர் முழுக்க, அரிசி கழுவிய தண்ணீர் உறைந்த நிறத்தில் வழவழவென்று ஒரு படலம்.

"தொடுங்க, கையுறை போட்டிருக்கீங்களே. இதுக்குள்ளதான் குடித்தனம். நீங்க போடுற ஊசி, தெருவுல நடமாடிக்கிட்டிருக்கிறவனைக் கொல்லும். காய்ச்சல் விடும். சிறுநீர்ல ஒருத்தனும் இல்லேன்னு நானும் சீட்டு எழுதுவேன். இவங்க இந்தப் பசைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மருந்து உள்ள வர்றதே அரைகுறை, வந்தாலும் இவங்க தூக்கத்துல இருக்கிறவங்க, சாகமாட்டாங்க. ஊசிய நிறுத்தினதும் வெளிய வருவாங்க."

"கழுவினா போகாதா?" என்று கேட்டார் சிஸ்டர். இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"போகாது சிஸ்டர். உருவிப் போடணும். அவ்வளவுதான் வைத்தியம்."

சிஸ்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார். ஏழாம் நாள் வந்த அதே வாசனை.

மூன்றாம் நாள் தட்டு வந்தது. வட்டத் தட்டு நிறையக் கிருமி வளர்ந்திருந்தது. அதன் மேல் பன்னிரண்டு மருந்து வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி பின்வாங்கி, தெளிவாக ஒரு வளையம் விழ வேண்டும். பத்து வில்லைகளைச் சுற்றி வளையமே இல்லை.

"பாருங்க, தலையணையில சாயற மாதிரி மருந்து மேல சாஞ்சு படுத்திருக்கான். பாதுகாப்புக்குன்னு உங்க வார்டுல குடுக்கிற மாத்திரை இதோ, இது. இதுக்கு இவன் பரம்பரைச் சொந்தக்காரன் மாதிரி இருக்கான்." தட்டு மேடம் மீதி இரண்டைக் காட்டினார். "இதுக்கும் இதுக்கும்தான் அடங்குறான். ஒண்ணு கிட்னிய அடிக்கும். இன்னொண்ணு நம்ம ஸ்டோர்ல கிடையாது, வெளியிலேர்ந்து வரவழைக்கணும்."

டியூட்டி டாக்டர் இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டிருந்த 'பெருசு'ம் வளையம் விழாத அந்தப் பத்தில் ஒன்றாக இருந்தது. வெளி மருந்து அன்று பிற்பகலே வந்து சேர்ந்தது.

கண்காணிப்பாளர் சிஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காருங்க சிஸ்டர். சார் எப்படி இருக்கார்?"

"இன்னும் காய்ச்சல் இருக்கு சார்."

"சரியாயிடும். நான் என்ன யோசிக்கிறேன்னா, சாரை மேல் மாடி வார்டுக்கு மாத்திடலாம். காத்தோட்டமா இருக்கும். ரிப்போர்ட்டும் அவரோட சேந்து அங்க போயிடும். அந்த வார்டு எண் எப்படியும் எட்டு. எட்டு சுழியமானா யாருக்குத் தெரியப் போகுது? நானூத்திச் சொச்சத்தைப் போய் யாராவது அழிப்பாங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டது உண்டு; இவர் அதைப் பக்கத்து இலையில் தள்ளிவிடப் பார்க்கிறார். சிஸ்டருக்குச் சிரிப்பு வர வேண்டியது, வரவில்லை. தானும் இவ்வளவு காலம் இதையேதான் இன்னும் கொஞ்சம் நாசூக்காகச் செய்தோம் என்று தோன்றியது.

"அழிச்சாச்சு சார்."

"எப்போ?"

"உங்க அறைக்கு வர்றதுக்கு முன்னாடி. வந்தா நீங்க ஏதாவது நல்லதா யோசனை சொல்லிடுவீங்கன்னு பயம்."

அதோடு நின்றிருந்தால் கண்காணிப்பாளர் மன்னித்திருப்பார். சிஸ்டர் வார்டுக்குப் போனதும், ட்யூப் போட்டிருந்த மற்ற ஆறு பேரையும் பார்த்தார். காய்ச்சல் இல்லாத நான்கு பேருக்கு, காலைச் சுற்றில் 'வேணும்' என்று வழக்கத்துக்குச் சொல்லிவந்தார்களே தவிர, ட்யூபே தேவையில்லை என்று தெரிந்து அன்றே உருவப்பட்டது. அவர்களுடைய 'பாதுகாப்பு' மாத்திரைகள் நின்றன. லேசாகச் சூடு இருந்த இரண்டு பேருக்குப் புது ட்யூப் போட்டு, ஊசிக்கு முன்னால் சாம்பிள் போனது. இரண்டிலும் வளர்ந்தது. இரண்டும் ஆறாம் கட்டிலின் உடன்பிறப்பு மாதிரி இருந்தது என்றார் தட்டு மேடம். வார்டுப் பெண்களுக்கு ஒரே எரிச்சல். நான்கு பேருக்கு நாளெல்லாம் பாத்திரம் வைத்து எடுக்கிற வேலை. "வீட்டுக்காரருக்கு வந்ததும் மோப்பத்துக்கு ஞானம் வந்துடுச்சு" என்றாள் ஒருத்தி, காதில் விழட்டும் என்றே. விழுந்தது. பொய்யில்லையே என்று நினைத்து, சிஸ்டர் தானும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை தரச் சான்றுக் குழு வந்தது. பலகையில் சுழியம். குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்து, "போன மாசம் வரைக்கும் நல்லா இருந்த வார்டாச்சே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஊசிக்கு முன்னாடி சாம்பிள் எடுக்க ஆரம்பிச்சோம் சார்" என்றார் சிஸ்டர். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. சான்று மேல் மாடி வார்டுக்குப் போனது. அவர்கள் எண்ணுக்கு அன்று பதினொன்று.

வெளி மருந்து ஆரம்பித்த நான்காம் நாள் வாத்தியாருக்குச் சூடு இறங்கியது. மனைவி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ஏழாம் நாள் வாசனையையும் சொன்னார். வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ நீதான் அந்தக் கிருமிய வளத்திருக்க."

"ஆமாங்க."

"நான் முப்பது வருஷத்துல லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. நீ என்னடான்னா அந்தக் கிருமியப் பத்துப் பாடத்துலயும் பாஸ் பண்ண வச்சிருக்க." சற்று நிறுத்தி, "வேணும்னு கேட்டது நான்தானே. விடு" என்றார்.

"விடமாட்டேன்" என்றார் சிஸ்டர். முகத்தைத் துடைத்துக்கொள்ள எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு, காய்ச்சலில் சிறுநீர் அளவு பார்க்க வைத்திருந்த புது ட்யூபையும் உருவினார்கள். டியூட்டி டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். இத்தனை நாள் வேலையில்லாமல் இருந்த, வயிற்றுக்குள்ளிருக்கும் சிறுநீர்ப்பை தானாக இயங்க வேண்டும். இரண்டு மணிக்குள் சிறுநீர் வரவில்லையென்றால் மறுபடி ட்யூப்தான், வேறு வழியில்லை. மறுபடி ட்யூப் என்றால் மறுபடி படலம். வெளி மருந்தும் கிருமிக்குப் பழகிவிட்டால், கையில் மிச்சமிருப்பது கிட்னியை அடிக்கிற அந்த ஒரே ஒரு மருந்து.

வாத்தியார் தண்ணீர் குடித்தார். பத்து மணிக்கு இல்லை. பன்னிரண்டுக்கு, வருகிற மாதிரி இருக்கிறது, இல்லை. கட்டிலில் உட்கார்ந்தால் வராது, போய்ப் பார்க்கிறேன் என்று ஒன்றரை மணிக்கு வாக்கரை ஊன்றி, முதல் தடவையாக எழுந்து நின்றார். கழிப்பறை வரை பதினெட்டு அடி. சிஸ்டர் ஒரு பக்கம், அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வார்டுப் பெண் ஒரு பக்கம். "மெதுவா சார். வளைவுல வேகம் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றாள் அவள். உள்ளே போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தச் சொன்னார்.

சிஸ்டர் கதவோரம் நின்றார். இருபத்தேழு வருஷத்தில் ஆயிரம் பைகளின் அளவைப் பார்த்து எழுதியவர், ஒரு சொட்டுச் சத்தத்துக்காகக் காதைக் கதவில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது. ஒரு கணம் ஏமாந்தார். மணி ஒன்று நாற்பது ஆனது.

"என்னங்க?"

"என்னங்கன்னா? நீ இப்படி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா எனக்கு எப்படி வரும்?"

"நான் சிஸ்டருங்க."

"அது அவங்களுக்கு. எனக்குப் பொண்டாட்டி. அந்தப் பக்கம் போ. போய் யாரையாவது திட்டு."

சிஸ்டர் நான்கு அடி தள்ளிப் போனார். திட்ட யாரும் அகப்படவில்லை. வார்டே வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டில்காரர்கூட முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். கடிகாரம் ஒன்று ஐம்பதைத் தாண்டியது. டியூட்டி டாக்டர் வராந்தா கோடியில் தெரிந்தார். கையில், உறை பிரிக்காத புது ட்யூப்.

அப்போது உள்ளிருந்து, முதலில் தயங்கி, பிறகு தாராளமாக ஒரு சத்தம் வந்தது. இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவருக்கும் கேட்டது.

"வந்துடுச்சு!" என்று வாத்தியார் உள்ளிருந்து கத்தினார், கூச்சமெல்லாம் எங்கே போனதோ. "ஏய், கேக்குதா? வந்துடுச்சு!"

"கேக்குது, கேக்குது" என்று சிஸ்டர் பதிலுக்குக் கத்தினார். "முடிஞ்சதும் தண்ணி ஊத்துங்க. கையைக் கழுவிட்டு வாங்க, சோப்புப் போட்டு!"